உண்ணிச்செடியும் பால்மாடும்

லயத்து வேலியிலும் ரோட்டோரத்திலும் மஞ்சள், ரோஸ், சிவப்பு என்று கொத்துக் கொத்தாய்ப் பூத்து நிற்கிறதே, அந்த உண்ணிச்செடியைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறோம். சிங்களத்தில் கந்தபான. புத்தகத்தில் லந்தானா. அமெரிக்கக் கண்டத்துச் செடியான இதைப் பூவின் அழகுக்காகவே நம் பக்கத்து நாடுகளுக்குக் கொண்டுவந்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான, உலகில் மிக மோசமாகப் பரவும் 100 உயிரினங்களின் பட்டியலில் இதுவும் உண்டு.

அடையாளம் காண்பது லேசு. தண்டு உருண்டையாக இராது; நாலு பட்டையாக, சின்ன முள்ளோடு இருக்கும். இலை சொரசொரப்பு, கசக்கினால் நெடி. ஒரே கொத்தில் நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் வேறு நிறம். காய் பச்சை, பழம் கறுப்பு. குருவிகள் பழத்தைத் தின்று விதையை மலைக்கு மலை கொண்டுபோகின்றன.

பால்மாடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். புல் காய்ந்த காலத்தில் பசியோடு அவிழ்த்துவிட்ட மாடும், புதிதாக வாங்கி வந்த மாடும் இதைத் தின்றுவிடும். இலையில் உள்ள விஷம் ஈரலைக் கெடுக்கும். மாடு தீனி எடுக்காது, சாணி இறுகும், கண் மஞ்சளாகும். பிறகு வெயில் பட்ட மூக்கு, காது, மடி எல்லாம் சிவந்து வெடித்து உரியும். சொறி என்று நினைத்து எண்ணெய் தடவி நாளைப் போக்காதீர்கள். புண் தோலில் தெரிந்தாலும் நோய் ஈரலில். மாட்டை உடனே நிழலில் கட்டித் தண்ணீர் காட்டுங்கள். மிருக வைத்தியரிடம் "உண்ணிச்செடி தின்றது" என்று மறக்காமல் சொல்லுங்கள். வயிற்றில் தங்கிய இலையிலிருந்து விஷம் ஊறிக்கொண்டே இருக்கும், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ஆட்டுக்கும் இதே கதிதான். பிள்ளைகளும் பச்சைக் காயைத் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கத்தியால் வெட்டிவிட்டால் ஒழிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. கவ்வாத்து வெட்டிய தேயிலை எப்படித் தழைக்கிறது? இதுவும் அப்படித்தான். நெருப்பு வைத்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். மழை பெய்து மண் இளகியதும், காய் பிடிக்கும் முன்பே, மண்வெட்டியால் அடிக்கட்டையை வேரோடு கிளப்ப வேண்டும். ஈர மண்ணில் போட்டால் தண்டு திரும்ப வேர்விடும், ஆகவே கல்லின் மேல் காயப்போடுங்கள். அதுவும் மாட்டுக்கு எட்டாத இடமாகப் பாருங்கள், வாடிய இலையும் விஷம்தான்.

சரிவில் ஒரேயடியாகப் பிடுங்கினால் அடுத்த மழைக்கு மண் போய்விடும். துண்டு துண்டாகக் கிளப்பி, அந்தந்த இடத்தில் உடனே தீவனப் புல் நடுங்கள். வேலிக்கென்றால் செவ்வரத்தை வைக்கலாம். பழைய விதை மண்ணில் கிடக்கும்; இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தால், முள் தடிக்கும் முன் கன்றைக் கையாலேயே பிடுங்கிவிடலாம்.