சின்ன அறைக்கு, காதை நோகடிக்காத ஸ்பீக்கர்

சேலத்தில் அஸ்தம்பட்டி, கண்ணங்குறிச்சி பக்கத்து வீடுகளில் பாட்டுக் கேட்பதற்கென்று ஒதுக்க முடிகிற அறை பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடிதான். தரையில் டைல்ஸ், தலைக்கு மேலே கான்கிரீட், சுற்றிலும் பூசிய சுவர், மூலையில் இரும்பு பீரோ. நல்ல விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரும் இந்த அறைக்கு வந்ததும் கூச்சலிடத் தொடங்கிவிடும். மூன்றாவது பாட்டில் சத்தத்தைக் குறைக்கிறோம், ஐந்தாவது பாட்டில் எழுந்து போய்விடுகிறோம். மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்க ஆசைப்படுகிறவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. கடைக்குப் போவதற்கு முன் அறையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சில தாழ்ந்த ஒலிகள் மட்டும் தேங்கி நின்று வீங்கும். பத்தடி இடைவெளிக்கு அது ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ், பன்னிரண்டடிக்கு 48 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக இருந்தால் மூன்று வீக்கமும் ஒரே இடத்தில் சேர்ந்துகொள்ளும். அந்த அறையில் எந்த ஸ்பீக்கரும் குமுறத்தான் செய்யும். வீட்டில் வேறு அறை இருந்தால், கொஞ்சம் நீளவாக்கில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

2. தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஊஃபர் ஐந்து முதல் ஆறரை அங்குலம் வரை போதும். ஆளுயர டவரும் தனி சப்ஊஃபரும் இந்த அளவு அறைக்குச் சுமை. இதில் சந்தேகம் இருப்பவர்களுக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1970களில் பிபிசி பொறியாளர்கள், வெளியிடங்களில் ஒலிபரப்பு செய்யும் வேனுக்குள் வைத்துக் கேட்பதற்காக எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரை வடிவமைத்தார்கள். உயரம் ஒரே அடி. அதனிடம் அவர்கள் பெரிய பேஸை எதிர்பார்க்கவில்லை. மனிதக் குரல் மனிதக் குரலாகக் கேட்க வேண்டும் என்பதுதான் முதல் தேவை. ஐம்பது ஆண்டு கடந்தும் அந்த வடிவத்தை உரிமம் பெற்றுச் செய்து விற்கிறார்கள். அதையே வாங்க வேண்டியதில்லை, விலையும் அதிகம். ஆனால் குரலில் தொடங்கிய அந்த யோசனை நம் அறைக்கும் பொருந்தும்.

3. காது நோவதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். நம் காது எல்லாச் சுருதியையும் ஒரே அளவில் கேட்பதில்லை. 1933இல் ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை அளந்து வரைபடமாக்கினார்கள். 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்குக் காது மிகவும் கூர்மை, காதுத் துளையின் அமைப்பே அங்கே ஒலியைக் கூட்டிக் கொடுக்கிறது. அதே பகுதியை ஸ்பீக்கரும் தூக்கிக் கொடுத்தால் கடையில் ஐந்து நிமிடத்துக்கு, ‘அடடா, என்ன தெளிவு’ என்றிருக்கும். வீட்டில் ஒரு மணி நேரத்தில் நெற்றி கனக்கும். அதனால் கடையில் முதல் நிமிடத்திலேயே உங்களைக் கவர்ந்து இழுக்கும் ஸ்பீக்கரை இன்னொரு முறை சந்தேகத்தோடு கேளுங்கள்.

4. கோவைக்கோ பெங்களூருக்கோ போய்க் கேட்டு வாங்குவதாக இருந்தால், மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுகளைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் வெடிச்சத்தமும் கண்ணாடி உடையும் சத்தமும் எதையும் சொல்லாது. நான் நம்புவது மூன்றை.

ஒன்று, பெண் குரல். ‘ச’, ‘ஸ’ வரும் இடங்களில் ஊசி போல் சீறுகிறதா என்று கவனியுங்கள். இரண்டு, நாகஸ்வரம். மேல்சுரங்கள் அடர்ந்த வாத்தியம் அது. நல்ல ஸ்பீக்கரில் கம்பீரமாக இருக்கும், கெட்டதில் தகரத்தைக் கீறுவது போலாகிவிடும். மூன்று, மிருதங்கம். அதன் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் இருக்கும் கரும்பூச்சுதான் அதன் ஒலிகளை ஒன்றோடொன்று இசைந்த சுரங்களாக்குகிறது என்பதை சர் சி. வி. ராமன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்த இசைவு காதில் விழ வேண்டும். வலந்தலையில் சுருதி தெரியாமல் வெறும் தட்டல் மட்டும் கேட்டால், அந்த ஸ்பீக்கர் வேண்டாம்.

குறைந்தது முக்கால் மணி நேரம் கேளுங்கள். இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது சத்தம் இரண்டிலும் ஒரே அளவில் இருக்கட்டும். கைப்பேசியில் டெசிபல் காட்டும் செயலி இதற்குப் போதும். இம்மியளவு சத்தம் கூடினாலும் அதுதான் நன்றாக இருப்பதாக மனம் சொல்லும், விற்பவர்களுக்கு இது தெரியும்.

5. பழைய பாட்டுப் பிரியர்கள் இதைத் தவறாமல் படிக்க வேண்டும். அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு சாலையில் போனால் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய திரைப்பட நிறுவனம். ‘மந்திரி குமாரி’ 1950இல், ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் இங்கிருந்து வெளிவந்தவை. அந்தக் காலத்துப் படச்சுருளின் ஒலித்தடத்திலும் இசைத்தட்டிலும் உச்ச ஒலிகள் அதிகம் பதிவாகவில்லை, 8000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலும் இரைச்சல்தான். உச்சத்தைத் தூக்கிக் காட்டும் ஸ்பீக்கர் அந்த இரைச்சலை மட்டும் பெரிதாக்கித் தரும். உங்கள் சேமிப்பில் பாதிக்கு மேல் கருப்பு வெள்ளைக் காலத்துப் பாட்டு என்றால், நடு ஒலி நிறைவாகவும் உச்சம் மெல்லத் தாழ்ந்தும் இருக்கிற ஸ்பீக்கரையே எடுங்கள். விளம்பரத்தில் 40,000 ஹெர்ட்ஸ் வரை போகும் என்று போட்டிருப்பதால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

6. உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர் பட்டுத்துணி என்றால் மென்மை, உலோகம் என்றால் கடுமை என்று பொதுவாகச் சொல்வார்கள். நம்பி முடிவெடுக்காதீர்கள். ஊஃபரும் ட்வீட்டரும் ஒலியைப் பங்கிட்டுக்கொள்ளும் கிராஸ்ஓவர் சரியாக இல்லையென்றால் பட்டும் கத்தும்.

7. ஆம்ப்ளிஃபயர் நல்ல தரத்தில் 40 வாட் இருந்தால் போதும். ஸ்பீக்கர் பெட்டியில் 87 டெசிபல் என்பது போல் ஓர் எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் என்று பொருள். நாம் உட்கார்வது ஆறேழு அடி தள்ளித்தான், அதனால் சாதாரணமாகக் கேட்க ஒரு வாட்டுக்கும் குறைவாகவே செலவாகும். மீதி, திடீரென்று தவில் எழும்பும்போது தேவைப்படும் கையிருப்பு. இந்த எண் 3 குறைந்தால் இரண்டு மடங்கு வாட் வேண்டும். 82, 83 என்று இருக்கும் ஸ்பீக்கரைச் சின்ன ஆம்ப்ளிஃபயரில் மாட்டி முழுக்கத் திருகினால் ஒலியலையின் முனை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். காதுவலிக்குப் பல வீடுகளில் இதுவும் ஒரு காரணம்.

8. பெட்டியில் காற்றுத் துளை முன்பக்கம் இருக்கிறதா, பின்பக்கமா என்று பாருங்கள். சின்ன அறையில் ஸ்பீக்கர் சுவரை ஒட்டித்தான் நிற்கும், அதற்கு முன்பக்கத் துளையோ, துளையே இல்லாத மூடிய பெட்டியோ வசதி. பின்துளை உள்ளதையே வாங்கிவிட்டால் ஒன்றரை அடியாவது முன்னால் இழுத்து வையுங்கள். இடமில்லையா, துளையில் பஞ்சு நுரைத் துண்டைத் தளர்வாகச் செருகுங்கள், குமுறல் அடங்கும். எந்த வகையானாலும் மூலையில் மட்டும் வைக்காதீர்கள்.

9. ட்வீட்டர் காதின் மட்டத்துக்கு வர வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் மூன்றடிக்குச் சற்று மேலே, தரையில் பாய் விரித்து உட்கார்ந்தால் இரண்டரை அடி. கடையில் விற்கும் ஸ்டாண்ட் நாற்காலிக் கணக்கில் செய்தது. தரையில் உட்கார்கிறவர்கள் தச்சரிடமோ வெல்டிங் பட்டறையிலோ உயரம் சொல்லிச் செய்துகொள்ளலாம். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் உட்காருங்கள். உச்சம் குத்தினால் இரண்டையும் உங்களை நேராகப் பார்க்க விடாமல் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்புங்கள். காசில்லாத வைத்தியம் இது, பல சமயம் இதுவே போதும்.

10. அறை நடுவில் நின்று ஒரு கைதட்டுங்கள். ‘டிர்ர்’ என்று அதிர்ந்து அடங்கினால் அறைக்குத் துணி தேவை. பவானி ஜமக்காளம் நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. கனமானதாக வாங்கி, ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே இரட்டையாக மடித்து விரியுங்கள். ஜன்னல் திரையை ஜன்னலைப் போல் இரண்டு மடங்கு அகலத்தில் தைத்தால் மடிப்பு விழும், மடிப்புதான் ஒலியை வாங்கிக்கொள்ளும். பின்சுவரில் புத்தக அலமாரி வைக்கலாம். மூலைகளில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினால் நடு ஒலியின் எதிரொலியும் ஓரளவு குறையும். ஆழ்ந்த பேஸுக்கு இவை போதாது, அதற்கு ஸ்பீக்கரையும் நாற்காலியையும் ஒரு சாண், இரண்டு சாண் நகர்த்தித்தான் பார்க்க வேண்டும்.

11. பீரோக் கதவு, ஜன்னல் கண்ணாடி, சாமி படம் இவற்றில் எது அதிர்கிறது என்று தாழ்ந்த ஒலியுள்ள பாட்டைப் போட்டுத் தேடுங்கள். அதிரும் இடத்தில் ரப்பர் துண்டு ஒட்டினால் சரியாகிவிடும்.

12. சேலத்து ஏப்ரல், மே மாதங்களில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வது கொடுமை. ஆனால் விசிறி இரைச்சலை மீறத்தான் நாம் வால்யூமைக் கூட்டுகிறோம். இரைச்சல் இல்லாத விசிறியாக மாற்றுவது, ஸ்பீக்கருக்குக் கூடுதலாகச் செலவழிப்பதைவிடப் பயன் தரும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். வீட்டில் 70ஐ ஒட்டி வைத்தாலே நிறைவாக இருக்க வேண்டும். அந்தச் சின்னச் சத்தத்திலும் பாட்டு உயிரோடு இருக்கிறதா என்று வாங்கும்போதே சோதியுங்கள்.

13. பழைய ஸ்பீக்கர் வாங்கினால் கூம்பின் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். நுரை விளிம்பு நம் ஊர் வெயிலுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டில் பொடிந்துவிடும், ரப்பர் விளிம்பு நின்று உழைக்கும். பொடிந்ததை மாற்றித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

14. முன்பணம் வாங்கிக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்கக் கொடுக்கும் கடைகள் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். ‘ஓடஓடப் பழகிவிடும்’ என்று சொல்லி உடனே பில் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த இரண்டு நாளில் இரவு ஒன்பதுக்கு மேல் ஒரு முழு கச்சேரியைப் போட்டு, தனி ஆவர்த்தனம் முடியும்வரை வால்யூமைத் தொடாமல் உட்கார முடிகிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.