தோண்டிப் பார்க்கட்டும்

சின்னப் பிள்ளைகளுக்குத் தோட்டம் பழக்க மாங்கன்றோ ரோஜாவோ வேண்டாம். அவர்களுக்கு ஒரு வாரமே நெடுங்காலம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு நான் எப்போதும் வெந்தயத்தில்தான் தொடங்குவேன். ராத்திரி ஊறவைத்து விதைத்தால் 2, 3 நாளில் முளை தெரியும். மூன்று வாரத்துக்குள் கீரையைக் கிள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். விதையை அஞ்சறைப் பெட்டியிலிருந்தே எடுங்கள். கடை விதைகளில் சிலவற்றுக்கு மருந்து கலந்து சாயம் ஏற்றியிருப்பார்கள். விரல் சூப்பும் பிள்ளை கையில் அதைக் கொடுக்கவே கூடாது.

விதைத்த மறுநாளே மண்ணைக் கிளறுவார்கள். பெரியவர்கள் அதட்டுவார்கள், நான் அதட்ட விடமாட்டேன். பார்க்கத்தானே விதைத்தோம்? தோண்டிப் பார்ப்பதற்கென்றே தொட்டியில் ஒரு மூலையை ஒதுக்கி, அதில் கூடுதலாக விதை போட்டுவிடுவேன். கூடவே ஒரு கண்ணாடி டம்ளர் வேண்டும். உள்பக்கம் ஈரத்துணியைச் சுற்றி, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே தட்டைப்பயறு நாலைச் செருகி, அடியில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். முதலில் வேர்தான் கிளம்பும், கீழ்நோக்கி. அது ஒரு விரல்கடை நீண்டதும் டம்ளரைப் படுக்க வையுங்கள், துணி மட்டும் காயக்கூடாது. ஓரிரு நாளில் வேர்நுனி வளைந்து மறுபடி கீழே திரும்பிவிடும்.

“கீழ எதுன்னு அதுக்கு எப்படி டீச்சர் தெரியும்?” என்று ஒரு பெண் கேட்டாள். வேர்நுனியின் செல்களுக்குள் மாவுமணிகள் இருக்கின்றன. கனத்தால் அவை கீழ்ப்பக்கம் போய்த் தங்குவதை வைத்து வேர் திசையறிகிறது. பதில் தெரிந்தாலும் உடனே சொல்லிவிடாதீர்கள். “இன்னொரு பக்கம் திருப்பி வெச்சா என்ன ஆகும்?” என்று கேளுங்கள். அந்த வாரம் முழுக்க அவர்களே திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பார்கள். பக்கத்து டம்ளரில் கொண்டைக்கடலை போட்டால் இன்னொரு கேள்வி பிறக்கும். தட்டைப்பயறு தன் பருப்பு இரண்டையும் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது. கொண்டைக்கடலை அடியிலேயே விட்டுவிட்டு வருகிறது.

தண்ணீரைக் கொட்டித் தீர்ப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டாவிட்டால் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒரு புழு ஒட்டியிருந்தால் மருந்தடிக்க வேண்டாம். பச்சையாகி, கூட்டுப்புழுவாகி, பட்டாம்பூச்சியாகப் பறக்கும்வரை ஒரு கிளையை அதற்கே விட்டுவிடலாம்.

பொறுமை வந்த பிள்ளைகளுக்கு நிலக்கடலை கொடுங்கள். மூன்றரை மாதம் ஆகும், ஆனால் அதற்கு ஈடான பாடம் வேறில்லை. மஞ்சள் பூ மேலே பூக்கும், காயோ மண்ணுக்குள். பூ வாடியபின் அங்கிருந்து ஒரு விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்குவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். அகலமான தொட்டியும் பொலபொலவென்ற மண்ணும் இருக்கட்டும். விழுது இறங்கத் தொடங்கிய பிறகு மட்டும் மண்ணைக் கிளறக்கூடாது, கிளறினால் காய் பிடிக்காது. காரணத்தைச் சொன்னால் போதும். இதுவரை தோண்ட விட்ட பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொள்கிறார்கள்.