எண்ணும் எழுத்தும் கணிப்பொறியும்

கம்பைநல்லூர் வயலொன்றின் வெப்பத்தை நாள்முழுதும் பதிவுசெய்ய விழையும் மாணவனுக்கு, 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் உருவான ஆர்டுயினோ பலகையே போதும். எல்எம்35 உணரி தரும் மின்னழுத்தத்தை அது 0 முதல் 1023 வரையிலான எண்ணாக்கும். 5 வோல்ட் அளவையில் 61 என்பது ஏறத்தாழ 30 பாகை செல்சியசு.

அவ்வெண் கணிப்பொறிக்குப் பெரும்பாலும் எழுத்தெழுத்தாகவே செல்கிறது. '6' ஓர் எழுத்து, '1' மற்றோர் எழுத்து. ஈண்டுதான் இடர். அளவுகளுக்கிடையே வரிமுடிவுக் குறி இடாவிடின் 61, 62 என்பன 6162 ஆகிவிடும்; பகல்முழுதும் திரட்டியது பாழாம். புள்ளியிடாத ஓலைச்சுவடியைப் பதம்பிரித்துப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இவ்விடர் புதிதன்று. ஆயினும் சுவடியில் யாப்பும் பொருளும் வழிகாட்டும். எண்வரிசைக்கு அத்துணை இல்லை.

எளிய பலகை மணியறியாது. ஆதலின், ஒவ்வொரு வரியும் வந்தடைந்த நேரத்தைக் கணிப்பொறியே முன்னே சேர்த்துக் கோப்பில் எழுதுமாறு நிரல் அமைக்க.