வானில் ஓர் உலோகப் படலம்

உப்பிட்ட உலைநீர் பொங்கி அடுப்பில் சிந்தும்போது, நீலச் சுடர் நொடிப்பொழுது மஞ்சளாக மாறுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். உப்பில் உள்ள சோடியமே அந்நிறத்துக்குக் காரணம். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களில் ஒளியை ஏற்கும். அந்நிறங்களிலேயே ஒளியை உமிழும். சோடியத்தின் மஞ்சள் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 589 நானோமீட்டர். இந்தப் பண்பைக் கொண்டே, மனிதர் தங்க இயலாத உயரத்தில் மிதக்கும் உலோக அணுக்களை அறிவியலாளர் அளந்து வருகின்றனர்.

உலோகம் வானுக்கு வந்த வழி

நாள்தோறும் எண்ணற்ற விண்துகள்கள் புவியின் வளிமண்டலத்துள் பெருவேகத்தில் நுழைகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை மணலினும் சிறியவை. காற்றோடு மோதிச் சூடேறி அவை ஆவியாகின்றன. அவற்றிலிருந்து பிரிந்த சோடியம், இரும்பு, பொட்டாசியம், கால்சியம் முதலிய உலோக அணுக்கள், ஏறத்தாழ 80 முதல் 105 கிலோமீட்டர் வரையிலான உயரத்தில் படலங்களாகப் பரவியுள்ளன. வளிமண்டலத்தின் இடையடுக்கு முடிந்து வெப்ப அடுக்கு தொடங்கும் பகுதி இது.

இப்படலங்கள் மிக மெல்லியவை. சோடியம் செறிந்துள்ள உயரத்திலும் ஒரு கன சென்டிமீட்டரில் சில ஆயிரம் அணுக்களே உண்டு. உலகைச் சூழ்ந்துள்ள சோடியப் படலம் முழுவதையும் திரட்டினாலும் ஒரு சரக்குந்தில் ஏற்றிவிடலாம்.

எட்டாத உயரம்

ஆய்வு பலூன்களால் இவ்வளவு உயரம் செல்ல இயலாது. செயற்கைக்கோள்களோ இவ்வளவு தாழ்வாகச் சுற்றிவர இயலாது. காற்றின் உராய்வு அவற்றை வீழ்த்திவிடும். ஆய்வு ஏவூர்திகள் சில நிமிடங்களில் இப்பகுதியைக் கடந்துவிடும். ஆகவே, தரையில் நின்றபடியே இரவு முழுவதும் அளக்க உதவும் கருவி ஒன்று தேவைப்பட்டது. அதுவே லைடார்.

ராடார் வானொலி அலைகளை அனுப்பி அளப்பதுபோல, லைடார் லேசர் ஒளியை அனுப்பி அளக்கிறது. சோடியத்துக்குரிய மஞ்சள் ஒளி, துடிப்பு துடிப்பாக வானை நோக்கிச் செலுத்தப்படுகிறது. சோடிய அணுக்கள் அதை ஏற்று, மீண்டும் எல்லாத் திசைகளிலும் உமிழ்கின்றன. அதில் மிகச் சிறு பகுதி தரைக்குத் திரும்புகிறது. தொலைநோக்கி அதைத் திரட்ட, கருவி ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது.

ஒளி ஒரு நொடியில் 3,00,000 கிலோமீட்டர் செல்லும். 90 கிலோமீட்டர் உயரம் சென்று திரும்ப அதற்கு 0.0006 நொடி போதும். திரும்பும் நேரம் உயரத்தைச் சொல்கிறது. ஒளித்துகள்களின் எண்ணிக்கை அணுக்களின் அளவைச் சொல்கிறது.

நம் அருகில் ஓர் ஆய்வகம்

இம்முறையில் சோடியத்தை முதன்முதலில் அளந்தவர்கள் பிரிட்டன் நாட்டினர், ஆண்டு 1969. இந்தியாவில் இப்பணி, திருப்பதிக்கு அருகே காடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தில் நடைபெறுகிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட விண்வெளித் துறையின் கீழ் இயங்கும் அவ்வாய்வகம், 2005ஆம் ஆண்டு முதல் சோடிய லைடாரைப் பயன்படுத்தி வருகிறது. முகில் இல்லாத இரவுகளே இதற்கு ஏற்றவை. சோடியப் படலம் ஏறி இறங்குவதைக் கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத காற்றலைகளின் போக்கையும் அறியலாம்.

ஒளிச்சிதறலை ஆராய்ந்த சர் சி. வி. இராமன் 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். 1933 முதல் பெங்களூரில் வாழ்ந்தவர். அவர் கண்டறிந்த இராமன் விளைவைப் பயன்படுத்தும் மற்றொரு வகை லைடார், காற்றிலுள்ள நீராவியை அளக்கிறது.

இன்று எழும் கேள்வி

இதுவரை அப்படலங்களுக்கு உலோகம் தந்தவை விண்துகள்களே. இன்றோ, பணி முடிந்த செயற்கைக்கோள்களும் ஏவூர்திப் பகுதிகளும் அங்கே எரிகின்றன. 2025 பிப்ரவரியில், ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 96 கிலோமீட்டர் உயரத்தில் லித்தியம் வழக்கத்தைவிடப் பத்து மடங்கு பெருகியிருப்பதை லைடாரால் கண்டனர். புவிக்குத் திரும்பும்போது சிதைந்த ஏவூர்திப் பகுதி ஒன்றிலிருந்து அது வந்தது என அறிந்தனர்.

மனிதர் சேர்ப்பது எவ்வளவு என அறிய வேண்டுமாயின், இயற்கை தந்தது எவ்வளவு என முன்பே அளந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் பொறுமையாகச் சேர்க்கப்படும் இரவுக் கணக்குகளின் பயன் அதுவே.

அருஞ்சொற்பொருள்
படலம் – மெல்லிய அடுக்கு
உமிழ்தல் – வெளியிடுதல்
செறிதல் – அடர்ந்திருத்தல்
முகில் – மேகம்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: அந்நிறம், இடையடுக்கு, பெருவேகம்.
2. ‘விண்துகள்’ போல, ‘விண்’ எனத் தொடங்கும் மூன்று சொற்களை எழுதுக.
3. செயற்கைக்கோள்களால் சோடியப் படலத்தின் உயரத்தில் சுற்றிவர இயலாதது ஏன்?
4. அனுப்பிய ஒளி 0.00064 நொடியில் திரும்பினால், அதைத் திருப்பியனுப்பிய அணுக்கள் எவ்வளவு உயரத்தில் உள்ளன?
5. பணி முடிந்த செயற்கைக்கோள்களை வளிமண்டலத்தில் எரியவிடுவது தக்கதா? உம் கருத்தைக் காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.