தாயின் மறதி பிள்ளைக்கும் வருமா?

வாசிக்க: எசேக்கியேல் 18:1–4, யோவான் 9:1–3, ஏசாயா 46:3–4



சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி தன் தாயாரை நம் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். அந்த அம்மையாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. காலையில் சாப்பிட்டது நினைவில்லை. பெற்ற மகளையே, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கிறார். ஆனால் ஓய்வுநாள் பள்ளியில் படித்த கீர்த்தனையை யாராவது எடுத்துக் கொடுத்தால் கடைசி வரை பாடிவிடுகிறார்.

இரண்டு வருஷமாக அவரைப் பின்கட்டு அறையிலேயே வைத்திருந்தார்களாம். காரணம் கேட்டோம். "ஐயா, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். கோட்டி பிடித்த குடும்பம் என்று சொல்லிவிட்டால் யார் பெண் எடுப்பார்கள்?" என்று அழுதார் மகள். சற்றுப் பொறுத்துத் தாழ்ந்த குரலில், "இது எனக்கும் வருமா, ஐயா?" என்றார்.

இந்தக் கேள்வி அநேக வீடுகளில் உண்டு. 2023-ல் வெளியான தேசிய ஆய்வொன்று, நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 100-க்கு 7 பேருக்கு மேல், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆகவே மருத்துவர்கள் எங்களுக்கு விளக்கியதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

1. மூளையில் நடப்பது என்ன?

1901-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், 51 வயதான ஆகுஸ்டே டீட்டர் என்ற பெண்ணை டாக்டர் அலோயிஸ் அல்சைமர் பரிசோதித்தார். தன் பெயரை எழுதவே அப்பெண் தடுமாறினார். 1906-ல் அவர் இறந்தபின், மூளையை நுண்ணோக்கியில் பார்த்த டாக்டர் இரண்டு மாற்றங்களைக் கண்டார். நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. அணுக்களுக்கு உள்ளே, டௌ என்று இன்று நாம் அறியும் புரதம் நூல்போல் முறுக்கிக் கிடந்தது.

தாமிரபரணிக் கால்வாயில் வண்டலும் அமலைச் செடியும் அடைத்துக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது அல்லவா? அதைப்போல அணுக்களுக்கிடையே செய்தி போவது தடைப்படுகிறது. நாளடைவில் அணுக்கள் மடிந்து மூளை சுருங்குகிறது. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி முதலிலேயே பாதிக்கப்படுகிறது. ஆகையால்தான் காலைச் சாப்பாடு மறந்துபோகிறது. பழைய பாட்டு நிற்கிறது. இம்மாற்றங்கள் மறதி வெளியே தெரிவதற்கு 15, 20 வருஷங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. ஆகவே இது பைத்தியமும் அல்ல, பிடிவாதமும் அல்ல. மூளையில் உண்டாகும் வியாதி.

2. இது பரம்பரை வியாதியா?

மிகச் சில குடும்பங்களில் ஒரே மரபணுவின் பழுது இந்நோயைக் கொண்டுவருகிறது. அங்கே பிள்ளைக்கு அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. நோயும் 60 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். அல்சைமர் நோயாளிகள் 100 பேரில் ஒருவர்கூட இவ்வகையைச் சேர்ந்தவர் அல்ல.

மற்றவர்களில் காண்பது வேறு. ஏபிஓஈ என்ற மரபணுவில் 2, 3, 4 என்று மூன்று வகை உண்டு. தாயிடம் ஒன்றும் தகப்பனிடம் ஒன்றுமாக நாம் பெறுகிறோம். நான்காம் வகை நோயின் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 1993-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். மேல்நாட்டு ஆய்வுகளின்படி, அது ஒன்று இருந்தால் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு. இரண்டும் அதுவாயிருந்தால் இன்னும் அதிகம். ஆனாலும் அதைப் பெற்றும் நோயின்றி முதிர்ந்தவர்கள் உண்டு; பெறாமலே நோயுற்றவர்களும் உண்டு. ஹரியானாவின் பல்லப்கர் கிராமத்தாரிடையே நான்காம் வகை அமெரிக்கரைவிடக் குறைவாகக் காணப்பட்டது என்று 2000-ல் வெளியான ஆய்வு கூறியது.

கொலம்பியா நாட்டில் ஒரு பெரிய வம்சத்தார், மரபணுப் பழுதினால் நாற்பதுகளிலேயே நினைவிழக்கிறார்கள். அவர்களில் ஒரு பெண்ணுக்கு அதே பழுது இருந்தும் எழுபது வயது வரை நினைவு காக்கப்பட்டது. அவருடைய ஏபிஓஈ மரபணுவிலிருந்த அபூர்வமான மாற்றம் காத்திருக்கலாம் என்று 2019-ல் அறிவித்தார்கள். ஆபத்து வேறு, தீர்ப்பு வேறு.

3. நம் கையில் இருப்பது

உலக நிபுணர் குழுவொன்று 2024-ல் லான்செட் இதழில் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, காது மந்தம், பார்வைக் குறைவு, கல்வியின்மை, தனிமை முதலியன அதில் உண்டு. இவற்றையெல்லாம் சரிசெய்தால் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்கிறார்கள். பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு போன்றவையும் மறதி தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மரபணுவுக்குப் பயந்த அந்தச் சகோதரிக்கு அன்றே இரத்த அழுத்தம் பார்த்தோம். மிக அதிகமாக இருந்தது. அதுவரை அவருக்குத் தெரியாது! உங்கள் காணிக்கையால் நடக்கும் கிராம முகாம்களில் அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது எத்தனை அவசியம் என்பதை அன்று மறுபடியும் உணர்ந்தோம்.

4. வேதம் காட்டும் வழி

பிதாக்கள் புளித்த பழம் தின்றதால் பிள்ளைகளின் பல் கூசிற்று என்ற பழமொழியை இஸ்ரவேலர் சொல்லித் திரிந்தார்கள். இனி அதைச் சொல்லக்கூடாது என்று தேவன் எசேக்கியேல் மூலம் தடுத்தார். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், பாவம் யாருடையது என்று கேட்டபோது, இவனுடையதும் அல்ல, பெற்றவர்களுடையதும் அல்ல என்று இயேசு சொன்னார். வியாதி குடும்பத்துக்கு அவமானம் அல்ல. நரைவயது மட்டும் தாங்குவேன் என்று வாக்களித்தவர், நம் நினைவு போனபின்பும் நம்மை நினைக்கிறார்.

"மறைக்காதீர்கள்" என்று அந்தச் சகோதரிக்குச் சொன்னோம். உண்மையைச் சொன்னதால் ஒரு சம்பந்தம் தட்டிப்போயிற்று. அவர் மிகவும் கலங்கினார், எங்களுக்கும் வேதனையாயிருந்தது. அடுத்து வந்த வீட்டாரிடமும் முதலிலேயே சொல்லிவிட்டார். "எங்கள் வீட்டு ஆச்சிக்கும் அப்படித்தான்" என்றார்களாம். கல்யாணத்தன்று அம்மையார் ஆலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மணப்பெண் தன் பேத்தி என்று தெரியவில்லை. கீர்த்தனை தொடங்கியதும் சபையோடு சேர்ந்து பாடினார்.

சிந்திக்க:

1. நம் சபையில் ஆராதனைக்கு வராமல் நின்றுபோன முதியோர் யார்? ஏன் வரவில்லை?

2. பெண் பார்க்கும்போது நாம் கேட்கும் கேள்விகள் யாரைப் பின்கட்டுக்குத் தள்ளுகின்றன?

3. கடைசியாக இரத்த அழுத்தம் எப்போது பார்த்தீர்கள்?

மறதியுற்ற முதியோருக்காகவும், இரவில் தூக்கமின்றி அவர்களைப் பராமரிக்கிற பிள்ளைகளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஊழியத்தில் உங்கள்,
ஆஸ்பத்திரி குருவானவர்