பிள்ளையின் தந்தை யார்? சட்டம் கூறும் விதி

பிள்ளையின் தந்தை யாரென்னும் வினா எழும்போது சட்டம் முதலிற் காப்பது பிள்ளையையே. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவே இதற்கு ஆதாரம்.

செல்லுபடியான விவாகம் நிலைத்திருக்கையிலோ, அது முடிவுற்று 280 நாட்களுக்குள், தாய் மறுமணம் செய்யாதிருக்கையிலோ பிறந்தமையே, பிள்ளை அக்கணவனுடையது என்பதற்கு முடிவான சான்றாகும். மறுப்பவன், கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் மனைவியை அணுகும் வாய்ப்பே இருக்கவில்லை என்றோ, தான் ஆண்மையற்றவன் என்றோ நிரூபித்தல் வேண்டும். 'அணுகுதல்' என்பது கூடுவதற்கான வாய்ப்பையே குறிக்குமென 1956இல் இலங்கை வழக்கொன்றிற் பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. மனைவியை மாத்தளைத் தோட்டமொன்றில் விட்டுக் கொழும்பில் தொழில் புரிபவன், அக்காலத்தில் விடுமுறைக்கு வந்து அவளுடன் தங்கியிருப்பின், ஊர்ப்பேச்சைக் காட்டி மறுத்தல் இயலாது.

விவாகமின்றிப் பிறந்த பிள்ளைக்கோ இவ்வனுமானம் இல்லை. மாத்தளை நீதவான் நீதிமன்றிலே தாபரிப்புக் கோரும் தாய், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி, தந்தை இன்னாரென்பதை வலுவான சான்றுகொண்டு நீதவான் திருப்தியுறக் காட்டல் வேண்டும். சுமை அவள் தோளிலே இருக்கின்றது.

ஆதலின், அவன் எழுதிய கடிதம், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு ஆகியவற்றைத் தாய் பேணிவைத்தல் நன்று. எழுத்தறியா அயலாருக்கு இதனை எடுத்துரைத்தல் கற்றோராகிய நம் கடனாகும்.