பிள்ளைப்பேறும் சூலக நீர்க்கட்டி நோயும்

மாதவிடாய் இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது, முகத்தில் உரோமம் வளர்கிறது, பிள்ளை உண்டாகவில்லை. உடனே மருமகள்மேல் பழி விழுகிறது. பலருக்குக் காரணம் சூலக நீர்க்கட்டி நோய். 1935 இல் சிகாகோ வைத்தியர்கள் இருவர் இதை விவரித்தனர். உண்மையில் அவை கட்டிகளல்ல, பாதியில் முற்றாமல் நின்ற முட்டைப்பைகள். முட்டை வெளிவராவிட்டால் கரு உண்டாகாது.

பருமனானவர் நிறையில் நூற்றுக்கு 5 பங்கு, அதாவது 80 கிலோவில் 4 கிலோ, குறைத்தாலே மாதவிடாய் சீராகக்கூடும். 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, வயல் வேலையின்றி நிவாரண மாவிலும் சீனியிலும் வாழ்ந்தவர்களுக்கு இது சொல்ல எளிது, செய்யக் கடினம். சீனித் தேநீரில் தொடங்கலாம். மெலிந்தவருக்கும் இந்நோய் வரும். அவர் பட்டினி கிடக்கவேண்டாம்.

அடுத்தது மாத்திரை. முன்னர் குளோமிபீன் கொடுத்தார்கள். 2014 இல் வெளியான, 750 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் அதை எடுத்தவர்களில் 19.1 வீதத்தினரும், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 வீதத்தினரும் பிள்ளை பெற்றனர். இப்போது லெட்ரோசோலே முதல் தெரிவு. இரட்டைக் கரு உண்டாகலாம். ஆகவே பக்கத்து வீட்டாரின் மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். மெட்போமினும் சேர்ப்பதுண்டு. பலிக்காவிட்டால் ஊசி, சத்திரசிகிச்சை. சோதனைக்குழாய் முறை கடைசிப் படி. அதற்காக முதலிலேயே காணியை ஈடுவைக்காதீர்கள்.

கணவரின் விந்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடவேண்டாம். அதில் மானக்கேடு எதுவுமில்லை.

மாதவிடாய் ஒழுங்கற்றவர் ஒரு வருடம் காத்திருக்காமல் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம். அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியரைப் பார்க்கக் கட்டணமில்லை. மாதவிடாய்த் திகதிகளைக் குறித்த கொப்பியுடன் இருவருமாகப் போங்கள்.